ஒத்தடமும் கலகமும்: ‘ஃபோமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

ஆங்கில நாளிதழ் ஒன்றில் ஆலை வேலைநிறுத்தம் பற்றிய செய்தியைப் படித்த நண்பர் ஒருவர், வெளியாட்கள் சிலர் தொழிலாளரிடையே அமைதியின்மையை ‘ஃபோமென்ட்’ செய்வதாக நிர்வாகம் குற்றஞ்சாட்டியது என்ற வரியில் தடுக்கி நின்றிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ஓரிடத்தில் ‘வெந்நீர் ஒத்தடம் கொடு’ என்றும் இன்னோரிடத்தில் ‘கலகம் முதலியவற்றைத் தூண்டிவிடு’ என்றும் இருக்கிறது. வலியைத் தணிக்கும் ஒத்தடமும் ஊரைக் குலைக்கும் கலகமும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்பது அவருடைய முதல் கேள்வி. இன்சைட் (incite), இன்ஸ்டிகேட், ப்ரொவோக், இன்ஃப்ளேம் என்று தூண்டுதலைச் சொல்ல ஆங்கிலத்தில் இத்தனை வினைகள் இருக்கும்போது இதற்கென்று தனி வேலை உண்டா என்பது இரண்டாவது கேள்வி. தமிழில் எல்லாவற்றையும் ‘தூண்டு’ என்றே எழுதிவிடலாமா என்பது மூன்றாவது. பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்த மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆனால் முதலிரண்டுக்கும் விடை கண்டால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

அந்த இரண்டு பொருள்களும் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்தவை அல்ல; அடியில் இருப்பது ஒரே பொருள்தான். மெல்ல மெல்லச் சூடு கொடுப்பதே அந்தப் பொருள். லத்தீனில் ‘ஃபோவெரே’ என்றொரு வினை உண்டு. வெதுவெதுப்பாக வைத்திருத்தல், அணைத்துப் பேணுதல் என்பன அதன் பொருள். கோழி முட்டையின்மேல் அமர்ந்து அடைகாப்பதையும் ரோமானியர் அந்த வினையால் குறித்தனர். அதிலிருந்து பிறந்த ‘ஃபோமென்டும்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நோவுள்ள இடத்தில் வைக்கும் சூடான துணி, பற்று, ஒத்தடம் என்பன பொருளாயின. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் 15ஆம் நூற்றாண்டில் மருத்துவச் சொல்லாகவே வழங்கியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கலகம், பகை, பிளவு ஆகியவற்றை ‘வளர்த்துவிடுதல்’ என்ற பொருள் அதில் ஏறியது. ஆகவே அகராதி ஒத்தடத்தை முதலில் தருவது வரலாற்று வரிசைப்படி சரியே. இன்றைய வழக்குப்படி பார்த்தால் இரண்டாவதுதான் முதன்மைப் பொருள். ‘ஃபோவெரே’ என்ற லத்தீன் வினையும் ‘எரித்தல்’ என்னும் பொருளுடைய வடமொழி ‘தஹ்’ என்ற வேரும் ஒரே தொல்மூலத்தைச் சேர்ந்தவை என்று மொழியியலாளர் காட்டுகிறார்கள். நாம் தகனம் என்றும் தகிக்கும் வெயில் என்றும் சொல்லும்போது அந்தச் சொல்லின் தூரத்து உறவுகளைத்தான் உச்சரிக்கிறோம்.

இந்தச் சூட்டின் தன்மையைப் புரிந்துகொள்ள நம் வீட்டு ஒத்தடத்தையே எண்ணிப் பார்க்கலாம். குழந்தையின் தொடையில் கட்டி ஒன்று கிளம்பியிருக்கிறது. தோல் சிவந்து, தொட்டால் கடுத்து, உள்ளே கல்லாக இருக்கிறது. பாட்டி கல்லுப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துண்டில் முடிந்து, முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே குழந்தையின் தொடையில் ஒற்றி எடுக்கிறாள். ஒற்றி எடுப்பதால்தான் அது ஒத்தடம். ஒருமுறை அழுத்தி வைத்துவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் இல்லை. ஆறியதும் மீண்டும் வறுப்பாள், மீண்டும் ஒற்றுவாள். காலையும் மாலையும் இதைச் செய்துவந்தால் இரண்டொரு நாளில் கட்டி பழுத்து, முகம் வைத்து, தானே உடைகிறது. கட்டியைப் பாட்டி உண்டாக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே சீழ் கோத்திருந்தது. அவள் கொடுத்த சூடு அதைப் பழுக்கவைத்தது. இதே காட்சியில் தொடையின் இடத்தில் ஓர் ஊரையும், சீழின் இடத்தில் ஊரில் உறைந்து கிடக்கும் மனக்கசப்பையும், பாட்டியின் பரிவுள்ள கைக்குப் பதிலாக ஆதாயம் தேடும் ஒரு கையையும் வைத்துப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கிவிடும். கட்டியும் உடைகிறது, கலகமும் வெடிக்கிறது.

இதே வேரிலிருந்து லத்தீனில் ‘ஃபோமெஸ்’ என்ற சொல்லும் உண்டு. தீப்பொறியை ஏந்திக்கொள்ளும் பஞ்சு போன்ற எரிபொருளுக்கு அந்தப் பெயர். தீக்குச்சி வருவதற்கு முன் ஐரோப்பாவில் மரத்தில் வளரும் குளம்பு வடிவக் காளான் ஒன்றை இதற்கெனப் பதப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். அதன் அறிவியல் பெயரே ‘ஃபோமெஸ் ஃபோமென்டாரியஸ்’ என்பதுதான். 1991இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டிக்குள் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையான ‘ஓட்ஸி’ என்ற மனிதனின் உடைமைகளிலும் இந்தக் காளான் இருந்தது. கொழுந்துவிட்டு எரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருப்பதே இதன் சிறப்பு. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைப்பதற்கென்று நுனியில் கங்கு மட்டும் கண்சிமிட்டத் தொங்கவிட்டிருந்த தேங்காய்நார்க் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெரோனா நகர மருத்துவர் ஜிரோலாமோ ஃப்ரகாஸ்டோரோ 1546இல் தொற்றுநோய்கள் பற்றி எழுதிய நூலில், நோயின் விதையைத் தன்னுள் ஏந்திக்கொண்டு பிறகு இன்னொருவருக்குக் கடத்தும் துணிமணி போன்ற பொருள்களுக்கு இந்தப் பெயரையே இட்டார். கொரோனாக் காலத்தில் கதவுக் கைப்பிடி, பால் பாக்கெட் ஆகியவற்றின் மூலம் நோய் பரவுமா என்ற விவாதத்தில் அடிபட்ட ‘ஃபோமைட்’ என்ற சொல் அதன் வழித்தோன்றல்தான். இத்தனை தூரம் விலகி இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஃபோமென்ட்’ என்ற சொல்லைக் கேட்கும்போது ஆங்கிலம் நன்கறிந்த வாசகனின் மனத்தில் வெடிப்பும் கொழுந்தும் முதலில் எழுவதில்லை. நீறு பூத்த நெருப்புதான் எழுகிறது. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைந்துபோவதும் அந்த நீறுதான்.

இனி வழக்கைப் பார்ப்போம். இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும், அதுவும் ஒரு நிலைமையாகவோ உணர்வாகவோ இருக்க வேண்டும். அமைதியின்மை, கலகம், பகை, வெறுப்பு, பிளவு, புரட்சி, வன்முறை, போர் ஆகியவற்றை ‘ஃபோமென்ட்’ செய்யலாம். ஒரு மனிதனையோ கூட்டத்தையோ ‘ஃபோமென்ட்’ செய்ய முடியாது. தேர்வு விடைத்தாள்களில் ‘அவன் கூட்டத்தை ஃபோமென்ட் செய்தான்’ என்று மாணவர்கள் எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் கூட்டத்தையும் தூண்டலாம், கலவரத்தையும் தூண்டலாம் என்பதால் வருகிற பிழை அது. கூட்டத்தை என்றால் ஆங்கிலத்தில் ‘இன்சைட்’ வேண்டும். மனிதரைச் செயப்படுபொருளாக்கினால் ஆங்கில வாசகனுக்கு அவர்களை வெந்நீர்த் துணியால் ஒற்றியதாகத்தான் படும்.

அடுத்தது காலம். ஒரே மேடைப்பேச்சில், ஒரே நொடியில் நிகழ்வதற்கு இச்சொல் பொருந்தாது. வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வதந்தி பரப்பி, பணம் கொடுத்து, துண்டறிக்கை ஒட்டி, பழைய காயங்களை நினைவூட்டி வளர்ப்பதற்கே அது உரியது. மூன்றாவது, செய்பவர் யார் என்பது. பெரும்பாலும் அவர் திரைக்குப் பின்னால் இருப்பவர், வெளியாள், அல்லது வெளியாள் என்று காட்டப்படுபவர். ‘நான் கலகத்தை ஃபோமென்ட் செய்கிறேன்’ என்று எவரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மிக அரிது. இது குற்றஞ்சாட்டுபவரின் வாயில் வாழும் சொல். அரசுகளின் அறிக்கைகளிலும், நிர்வாகங்களின் மறுப்புரைகளிலும், அயல்நாடுகள் ஒன்றையொன்று சாடும் வாசகங்களிலும் இதை அடிக்கடி காணலாம். ‘மாற்றத்தை ஃபோமென்ட் செய்தல்’ என்று நல்ல பொருளில் எழுதுவோரும் உண்டென்றாலும், நன்மையை வளர்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர்’ என்ற சொல் இருக்கையில் அதையே கையாள்வது நல்லது. கவனக்குறைவாக, அறியாமல் செய்ததற்கும் இந்த வினை ஆகாது. நோக்கம் இல்லாமல் ஒத்தடம் கொடுப்பவர் இல்லை அல்லவா?

வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. முதல் உலகப் போரில் ரஷ்யாவைப் போரிலிருந்து விலகச் செய்ய வேண்டும் என்பது ஜெர்மனியின் தேவை. போரை எதிர்த்துச் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ரஷ்யப் புரட்சியாளர் லெனினும் அவருடைய தோழர்களும் ஜெர்மனி வழியாக ரயிலில் கடந்துபோக அது 1917 ஏப்ரலில் வழிவிட்டது. ரயில் பயணமும் அதன் பிறகான ஊர்திகளும் அவர்களைப் பெட்ரோகிராட் நகரின் ஃபின்லாந்து நிலையத்தில் சேர்த்தன. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையோடு ரஷ்யா போரிலிருந்து விலகியது. இங்கே ஜெர்மனியின் செயலுக்குப் பொருத்தமான ஆங்கில வினை ‘ஃபோமென்ட்’. ஆனால் லெனின் தொழிலாளர்முன் நின்று ஆட்சியைக் கைப்பற்றுங்கள் என்று அழைத்ததற்கு அதே வினையைப் போட்டால் பிழை. அவர் வெளியிலிருந்து சூடு காட்டியவர் அல்லர், முன்னால் நின்று அழைத்தவர். ரஷ்யாவில் பசியும் போர்க்களைப்பும் ஏற்கெனவே இருந்தன, ஜார் மன்னரே அந்த ஆண்டு மார்ச்சில் முடிதுறந்துவிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. ‘ஃபோமென்ட்’ என்ற சொல்லைக் கையாள்பவர் பெரும்பாலும் சீழை மறைத்து ஒத்தடத்தை மட்டும் காட்டுகிறார். நண்பர் படித்த ஆலைச் செய்தியிலும் அதுதான் நடக்கிறது: வெளியாட்கள் மூட்டிவிட்டார்கள் என்று சொல்லும்போது, தொழிலாளருக்குச் சொந்தமாகக் குறை ஏதும் இல்லை என்ற வாதம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. செய்தியாளர் இந்த வினையைத் தம் வினையாக எழுதாமல், நிர்வாகத்தின் கூற்றாகவே எழுதியிருப்பது சரியான செயல். தமிழில் தருபவரும் அந்தக் ‘குற்றஞ்சாட்டியது’ என்ற சொல்லை இடச் சிக்கனம் கருதி வெட்டிவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுச் சொற்களில் முதலில் ‘இன்சைட்’. வேகமாக அசையச் செய்தல், கிளப்பிவிடுதல் என்பது அதன் லத்தீன் மூலத்தின் பொருள். இதற்கு மனிதர்கள் செயப்படுபொருளாகலாம். அவர்கள் செய்யவேண்டிய செயலும் கூடவே வரும். ‘கல்லெறியும்படி கூட்டத்தை இன்சைட் செய்தார்’ என்பது இயல்பான வாக்கியம். சட்டம் இந்தச் சொல்லை மிகக் கூர்மையாக வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை, இனப்படுகொலை செய்யும்படி நேரடியாகவும் பகிரங்கமாகவும் ‘இன்சைட்’ செய்வதையே ஒரு குற்றமாக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலை நோக்கமாகக் கொண்டதாகவும் அதை உண்மையிலேயே விளைவிக்கக்கூடியதாகவும் இருந்தாலொழிய, வன்முறையை ஆதரிக்கும் பேச்சைக்கூட அரசு தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நேரடியாக, உடனடியாக என்ற இரண்டும்தான் இந்தச் சொல்லின் உயிர்நிலை.

மெல்லச் சூடேற்றுவதற்கும் நேரடியாக ஏவுவதற்கும் உள்ள தொலைவு ஒரு நீதிமன்றத்தின் முன் வந்து நின்ற இடம் ருவாண்டா. ஆர்டிஎல்எம் என்ற வானொலி அங்கே 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பாட்டும் வேடிக்கைப் பேச்சுமாக மக்களை ஈர்த்த அந்த நிலையம், அந்நாட்டின் சிறுபான்மையினரான டூட்ஸி மக்கள்மீதான வெறுப்பை மாதக்கணக்கில் ஊட்டிவந்தது. 1994 ஏப்ரல் 6ஆம் நாள் குடியரசுத் தலைவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகு தொடங்கிய படுகொலையின்போது அதே வானொலி கொல்லச் சொல்லியே பேசியது. அந்த ஒலிபரப்புகளுக்குப் பொறுப்பானவர்கள்மீது ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் தண்டனை விதித்தது. 2007இல் மேல்முறையீட்டு அமர்வு ஒரு கோடு கிழித்தது. ஏப்ரல் 6க்கு முந்தைய ஒலிபரப்புகள் இனவெறுப்பை வளர்த்தன என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அவை இனப்படுகொலை செய்யும்படி நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டின என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. பிந்தையவற்றையே அக்குற்றமாகக் கொண்டது. தீர்ப்பின் சொற்கள் எவையாயினும், கோட்டின் இந்தப் பக்கம் இருப்பது ‘ஃபோமென்ட்’, அந்தப் பக்கம் இருப்பது ‘இன்சைட்’ என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். இரண்டையும் ‘தூண்டினார்கள்’ என்று தமிழில் எழுதினால், ஒரு தீர்ப்பாயம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கிழித்த கோட்டை ஒரே வினையால் அழித்தவர்களாவோம். சொல்நுட்பம் வெறும் பண்டிதர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

‘இன்ஸ்டிகேட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குக் குத்தி ஓட்டுதல் என்று பொருள். உழவு மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுதான் அதிலுள்ள காட்சி. எனவே ஒன்றைத் தொடங்கிவைப்பவர், பின்னாலிருந்து முடுக்குபவர் என்ற சாயல் அதில் மேலோங்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் 107ஆம் பிரிவில் ‘அபெட்மென்ட்’ என்ற உடந்தைக் குற்றத்தை வரையறுத்தபோது, அதன் முதல் வகையாக இந்த வினையைத்தான் வைத்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. தூத்துக்குடிக் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டி 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்காக மட்டுமன்றிச் சிவாவின் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்காகவும் வ.உ.சி.க்குத் தண்டனை விதித்தார். அரச நிந்தனைப் பிரிவின் மூல வாசகத்தில் இருந்த வினை ‘எக்ஸைட்’. அரசின்மீது வெறுப்புணர்வை எழுப்புதல் என்று அதற்குப் பொருள். ‘ஃபோமென்ட்’ இந்தப் பிரிவுகளில் எதிலும் இல்லை. ஒரு பேச்சு, ஒரு செயல், ஒரு நாள் என்று விரல்வைத்துக் காட்ட முடியாத ஒன்றை அது குறிப்பதால், குற்றப்பத்திரிகைக்கு அது ஏற்ற சொல் அன்று.

‘ப்ரொவோக்’ முற்றிலும் வேறு குடும்பம். முன்னே வா என்று கூவி அழைத்தல் என்பது அதன் மூலப் பொருள்; தமிழில் அறைகூவுதல், வம்புக்கு இழுத்தல் என்பவை அதன் அருகில் நிற்பவை. சீண்டியவர்மீதே எதிர்வினை திரும்புவது இதன் இயல்பு. குரங்கைச் சீண்டினால் குரங்கு சீண்டியவரைத்தான் கடிக்கும். ‘ஃபோமென்ட்’ செய்பவரோ பிறர் அடித்துக்கொள்வதைத் தள்ளிநின்று பார்க்கிறார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதில் உள்ள கூத்தாடி அவர். ‘ப்ரொவோக்’ என்பதற்குத் தீய நோக்கம் வேண்டும் என்பதில்லை. ஒரு கட்டுரை சிந்தனையைக் கிளறலாம், ஒரு சொல் சிரிப்பை வரவழைக்கலாம்.

‘இன்ஃப்ளேம்’ எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. தணலைக் கொழுந்தாக்குவது அதன் வேலை. அதிலிருந்து பிறந்த மருத்துவச் சொல்லை நாம் ‘அழற்சி’ என்று ஆக்கிக்கொண்டது, அழல் என்றால் நெருப்பு என்பதால், மிகப் பொருத்தமான ஆக்கம். ‘இன்சென்ஸ்’ என்பதை முதலசையில் அழுத்திச் சொன்னால் சாம்பிராணி முதலிய நறும்புகைப் பொருள்; இரண்டாம் அசையில் அழுத்திச் சொன்னால் கடுஞ்சினம் மூட்டுதல். இரண்டுக்கும் மூலம் கொளுத்துதல் என்ற ஒரே லத்தீன் வினை. நம்மிடமும் ‘தூபம் போடுதல்’ என்ற வழக்கு இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஆங்கிலச் சொல் ஒருவரைக் கொதிக்கச் செய்வதைச் சொல்கிறது. நாம் ‘அவன் பின்னாலிருந்து தூபம் போடுகிறான்’ என்னும்போது, ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் தணலில் ஒரு சிட்டிகை, பிறகு ஒரு சிட்டிகை என்று தூவித் தூவிப் புகையை வளர்ப்பவனைச் சொல்கிறோம். நேர்ப்பொருளால் தூபம் ‘இன்சென்ஸ்’ பக்கம் இருந்தாலும் வழக்கில் அது ‘ஃபோமென்ட்’ பக்கம்தான் நிற்கிறது. அந்த ஆங்கில வினைக்கு நம் மொழியில் உள்ள மிக நெருங்கிய மரபுத்தொடர் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஃபெர்மென்ட்’ என்பது வேறு சொல். புளித்த மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாவு தானே புளிக்கும், பொங்கும். எனவே ‘ஃபெர்மென்ட்’ தன்வினையாகவும் வரும். ‘ஃபோமென்ட்’ ஒருபோதும் தானே நிகழாது, செய்பவர் ஒருவர் வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘தூண்டு’ என்பதில் குறை ஏதும் இல்லை. அது மிக அழகான சொல். விளக்குத் திரியை முன்தள்ளிச் சுடரை நிமிர்த்துவதே அதன் பழைய பொருள். அதற்கான குச்சிதான் தூண்டுகோல். திருமறைக்காட்டு இறைவனை அப்பர் ‘தூண்டு சுடரனைய சோதி’ என்று பாடுகிறார். அணையப்போன கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்கு சுட்டதால் திரியை நிமிண்டிவிட, சுடர் நிமிர்ந்தது. அந்தப் புண்ணியத்தால் அது மறுபிறப்பில் மாவலியாகப் பிறந்தது என்ற கதையையும் அவர் பாடியிருக்கிறார். ‘மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட’ என்பது அவருடைய வாக்கு. கனல்வதும் தூண்டுவதும் அடுத்தடுத்து நிற்கும் அந்தத் தொடரில், கனன்றது எலி, தூண்டப்பட்டது திரி. தூண்டுவது ஒரு கணச் செயல் என்பதும், அது ஒளியைக் கூட்டும் செயல் என்பதும் அதிலேயே தெரிகின்றன. அதனால்தான் இன்றும் பசியைத் தூண்டும் மிளகு ரசம், ஆர்வத்தைத் தூண்டும் ஆசிரியர் என்று நல்லவற்றுக்கும் அந்தச் சொல்லைத் தயங்காமல் வழங்குகிறோம். குற்றச்சாட்டுத் தொனியும் நீண்ட காலமும் மறைவான கையும் உள்ள ஒரு வினைக்கு அது மட்டும் போதாது. ‘இன்சைட்’ என்பதற்கு அதை வைத்துக்கொள்வோம். சட்டத் தமிழிலும் அது அங்கே நிலைபெற்றுவிட்டது.

‘ஃபோமென்ட்’ என்பதற்கு என் பரிந்துரை ‘மூட்டு’ என்பதும் அதன் கிளைகளும். அடுப்பு மூட்டுவதை எண்ணிப் பாருங்கள். சுள்ளி அடுக்கி, இடையில் காற்றுக்கு வழிவிட்டு, குனிந்து ஊதி, புகை கண்ணில் கரிக்கக் காத்திருந்து பிடிக்கவைப்பது அது. பொறுமை வேண்டும் வேலை. கலகம் மூட்டுதல், பகை மூட்டுதல், கோள் மூட்டுதல் என்று தீமைக்கே உரிய வழக்குகளும் அதற்குத் தாராளமாக இருக்கின்றன. செயப்படுபொருளும் ஆங்கிலத்தில் போலவே நிலைமைதான். கலகத்தை மூட்டலாம், கூட்டத்தை மூட்ட முடியாது. இலக்கணத்திலும் தொனியிலும் இவ்வளவு பொருந்தும் ஈடு அரிது. காலநீட்சியை அழுத்த வேண்டிய இடங்களில் ‘பகையை வளர்த்துவந்தனர்’ என்பதும், இருவருக்கிடையே என்றால் ‘சிண்டு முடிந்துவிட்டனர்’ என்பதும், பழைய வடுக்களைத் தோண்டுவதானால் ‘கிளறிவிட்டனர்’ என்பதும் ஏற்றவை. பேச்சுவழக்கின் ‘உசுப்பேற்றுதல்’, ‘கொளுத்திப்போடுதல்’ இரண்டும் உயிருள்ள சொற்களே. ஆனால் முன்னது ஆளைக் குறிப்பதால் ‘இன்சைட்’ பக்கம் சாய்கிறது, பின்னது நொடியில் முடிவதால் ‘ஃபோமென்ட்’ என்பதற்குப் பொருந்தாது. தலைப்பில் இடம் போதாதபோதும் ‘தூண்டல்’ என்பதைவிட ‘மூட்டல்’ ஓர் எழுத்துக்கூட நீளமில்லை என்பதை உதவி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. பழைய மருத்துவக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் செப்பனிடும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. வீங்கிய இடத்தை இரண்டு மணிக்கொரு முறை வெந்நீரால் ‘தூண்டிவிட’ வேண்டும் என்று அதில் இருந்தது. மொழிபெயர்த்தவர் செய்தித்தாள் பொருளை மட்டுமே அறிந்திருந்தார். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அதைப் படிப்பவர் என்ன செய்வார் என்று நினைத்தபோது எனக்குப் பதைப்பாக இருந்தது. ஃபிளானல் துணியைக் கொதிநீரில் நனைத்து, ஈரம் சொட்டாமல் முறுக்கிப் பிழிந்து, தோல் தாங்கும் சூட்டில் வைப்பதை விளக்கும் பகுதி அது. இன்றும் இயன்முறை மருத்துவர்களும் செவிலியர்களும் ‘ஹாட் ஃபோமென்டேஷன்’ கொடுங்கள் என்றால் அது ஒத்தடம் மட்டுமே. பெயர்ச்சொல் வடிவம் பெரும்பாலும் மருத்துவமனையிலும், வினைவடிவம் பெரும்பாலும் அரசியலிலும் வழங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தடுமாற வேண்டியிருக்காது.

நண்பர் படித்த வரியை நான் தமிழாக்கினால் இப்படி எழுதுவேன்: ‘வெளியாட்கள் சிலர் தொழிலாளரிடையே அமைதியின்மையை மூட்டி வளர்த்துவருவதாக நிர்வாகம் குற்றஞ்சாட்டியது.’ அந்த வெளியாட்களுள் ஒருவர் ஆலை வாசலில் ஏறி நின்று, கதவை உடைத்து உள்ளே போங்கள் என்று கூவியதாக அடுத்த நாள் செய்தி வந்தால், அப்போது ‘தூண்டினார்’ என்று எழுதுவேன்.